கை வளைய வேண்டுமா, கீபோர்டு வளைய வேண்டுமா?

அலுவலகத்தில் என் மேசைப் பக்கம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன, கீபோர்டு உடைந்துவிட்டதா?" என்றுதான். நடுவில் பிளந்து, இரண்டு பாதியும் ஒரு சாண் தள்ளி, உள்பக்கம் மேடாகச் சாய்ந்து கிடக்கும் ஒன்றைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உடையவில்லை, அது எர்கோனாமிக் கீபோர்டு, அதாவது கைக்கு ஏற்ப வடிவம் மாற்றிய கீபோர்டு. இரண்டாவது கேள்வி, "இதில் அடித்தால் கைவலி போய்விடுமா?" முதல் கேள்விக்குச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இரண்டாவதற்குப் பதில் கொஞ்சம் நீளம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு சின்ன சோதனை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். தோளைத் தளர்த்தி, முழங்கைகளை உடம்போடு ஒட்டினாற்போல் விட்டு, முன்கைகளை மேசைமேல் சும்மா போடுங்கள். இப்போது கைகளைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய தோள் அகலத்துக்கு இடைவெளி இருக்கும். உள்ளங்கைகள் முழுதாக மேசையைப் பார்க்காமல், கைகுலுக்கப் போகிறவரின் கைபோல ஒன்றையொன்று பாதி பார்த்தபடி சாய்ந்திருக்கும். மணிக்கட்டு எந்தப் பக்கமும் ஒடியாமல் முன்கையின் நேர்கோட்டில் இருக்கும்.

சரி, அதே கைகளை இப்போது சாதாரணக் கீபோர்டின் மேல் வையுங்கள். மூன்று இடங்களில் கை வளைகிறது.

ஒன்று, பக்கவாட்டு வளைவு. விசைகளுக்கு இடையே மையத்திலிருந்து மையம் சுமார் 19 மில்லிமீட்டர். ஒரு வரிசையில் பத்து எழுத்துகள் என்றால் மொத்தமே ஒரு சாண்தான் வரும். அந்த ஒரு சாணுக்குள் இரண்டு கைகளும் வந்து சேர வேண்டும். தோள்கள் அதைவிட எவ்வளவோ அகலம் என்பதால் முன்கைகள் இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்து வருகின்றன. ஆனால் விசை வரிசை நேர்க்கோடு. அந்த நேர்க்கோட்டில் விரல்களை நிறுத்த, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக ஒடித்துக்கொள்கிறோம்.

இரண்டு, முறுக்கு. உள்ளங்கை மேசையைப் பார்க்க வேண்டுமானால் முன்கை சுழல வேண்டும். முன்கையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. கட்டைவிரல் மேலே இருக்கும்படி கையை வைத்தால் அவை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படுக்கும். சில நிமிடங்களுக்கு இது பொருட்டே இல்லை. எட்டு மணி நேரம் அப்படியே வைத்திருப்பது வேறு கதை.

மூன்று, மேல்நோக்கிய வளைவு. கீபோர்டுக்கு அடியில் பின்பக்கம் இரண்டு குட்டிக் கால்கள் இருக்குமே, அவற்றை விரித்துவிட்டால் பின் வரிசை உயர்ந்து நிற்கும். அந்த மேட்டுக்கு விரல்களைக் கொண்டுபோக மணிக்கட்டு பின்னால் மடங்கும். பலர் அந்தக் கால்களை விரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இருக்கிறது, அதனால் விரித்தோம், அவ்வளவுதான்.

எர்கோனாமிக் கீபோர்டு என்பது இந்த மூன்றில் ஒன்றையோ இரண்டையோ மூன்றையுமோ குறைக்கும்படி வடிவம் மாற்றிய கீபோர்டு. நடுவில் பிளந்தால் பக்கவாட்டு வளைவு குறையும். உள்பக்கத்தைக் கூடாரம்போல உயர்த்தினால் முறுக்கு குறையும். பின்பக்கத்தைத் தாழ்த்தினாலோ முன்பக்கத்தை உயர்த்தினாலோ மேல்நோக்கிய வளைவு குறையும். கடையில் பெட்டியின்மேல் என்ன எழுதியிருந்தாலும் பரவாயில்லை. இந்த மூன்றில் எதை அது சரிசெய்கிறது என்று கேளுங்கள். எதையும் இல்லை என்றால் அது பெயரளவில்தான் எர்கோனாமிக்.

மணிக்கட்டு வளைந்தால் என்ன கெட்டுப்போகிறது? விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசைகள் இல்லை. பெரும்பாலான வேலையைச் செய்யும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் நுனிவரை போகின்றன. பொம்மலாட்டத்தில் பொம்மை ஓரிடத்தில் ஆட, ஆட்டுகிறவர் வேறிடத்தில் நிற்பதுபோல. முன்கையில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகை விரல்களை ஆட்டிப் பாருங்கள், தோலுக்கடியில் அந்தக் கயிறுகள் ஓடுவது தெரியும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புகளும் ஒரு பட்டையான நாரும் சேர்ந்து ஒரு குறுகிய குகை. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்வு தருவது அந்த நரம்பு. மணிக்கட்டு வளையும்போது குகைக்குள் அழுத்தம் கூடுகிறது. கப்பி இல்லாத கிணற்றில் கயிறு விளிம்பில் உராய்ந்துகொண்டே தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளிக்கு ஒன்றும் ஆகாது. நாள் முழுக்க இறைத்தால் கயிறு தேயும்.

இப்படி ஒரு வடிவத்தை யார்தான் முதலில் செய்தார்கள் என்று கோபம் வரலாம். குற்றம் கம்ப்யூட்டரின் மேல் இல்லை. கிறிஸ்டோபர் ஷோல்ஸும் அவர் கூட்டாளிகளும் 1868இல் காப்புரிமை பெற்று, பிறகு ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டச்சுப் பொறியில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நெம்புகோல் இருந்தது. ஒன்றோடொன்று மோதாமல் எல்லா நெம்புகோல்களும் உள்ளே போக வேண்டும் என்பதால் வரிசைகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். உங்கள் கீபோர்டில் மேல் வரிசையும் நடு வரிசையும் நேருக்கு நேர் இல்லாமல் விலகி நிற்பதற்கு அதுதான் காரணம். நெம்புகோல் போய்ச் சேர்ந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, விலகல் மட்டும் அப்படியே நிற்கிறது. அதிலும் இடது கைக்குத்தான் அநியாயம். வரிசைகள் சாயும் திசை வலது கைக்கு ஓரளவு ஒத்துப்போகிறது, இடது கைக்கு நேர் எதிராக இருக்கிறது.

இதை மாற்ற வேண்டும் என்ற எண்ணமும் புதிதல்ல. ஜெர்மனியில் க்ளோக்கன்பெர்க் என்பவர் 1926இலேயே, விசைகளை இரண்டு பாதியாகப் பிரித்துச் சாய்த்து வைக்கலாம் என்று எழுதினார். 1972இல் கார்ல் குரோமர் அதே யோசனையைச் சோதனைகளோடு முன்வைத்தார். அதே பத்தாண்டில் பிரிட்டனில் லிலியன் மால்ட்டும் ஸ்டீபன் ஹாப்டேயும் கிண்ணம்போல் குழிந்த மால்ட்ரான் கீபோர்டை உருவாக்கினார்கள். ஆனால் சாதாரண அலுவலக மேசைக்கு இந்த வடிவத்தைக் கொண்டுவந்தது மைக்ரோசாஃப்ட் 1994இல் வெளியிட்ட நேச்சுரல் கீபோர்டு. நடுவில் புடைத்து அலைபோல் வளைந்திருந்த அந்த வெள்ளைக் கீபோர்டைப் பழைய ஆட்கள் பலர் பார்த்திருப்பார்கள்.

என்னென்ன வகை?

எளிதானது, ஒரே துண்டாக வளைந்த வகை. பிளவும் மேடும் நிலையானவை, மாற்ற முடியாது. விசைகள் எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். ஓரிரு நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது, இரண்டு துண்டாகவே பிரிந்த வகை. நடுவில் ஒரு கேபிளோ அல்லது கம்பியில்லாத் தொடர்போ இருக்கும். உங்கள் தோள் அகலத்துக்கு ஏற்பத் தள்ளி வைக்கலாம், வேண்டிய கோணத்தில் திருப்பலாம், உள்பக்கத்தை வேண்டிய அளவு உயர்த்தலாம். நடுவில் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம், காபிக் கோப்பையும் வைக்கலாம். அது விசைகள் மேல் கொட்டுவது அவரவர் பொறுப்பு.

மூன்றாவது வகை தைரியசாலிகளுக்கு. அந்தப் பழைய நெம்புகோல் விலகலையே தூக்கிவிட்டு விசைகளை நேர்ச் செங்குத்து வரிசைகளாக அடுக்கியிருப்பார்கள். நடுவிரல் நீளம், சுண்டுவிரல் குட்டை என்பதால் ஒவ்வொரு செங்குத்து வரிசையும் விரல் நீளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கி நிற்கும். கட்டைவிரலுக்கென்று தனியாக நான்கைந்து விசைகள் கொடுத்திருப்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. சாதாரணக் கீபோர்டில் கையிலேயே வலுவான கட்டைவிரல் இரண்டும் ஸ்பேஸ் பாரை மட்டும் தட்டிக்கொண்டிருக்க, இருப்பதிலேயே நோஞ்சானான சுண்டுவிரல் ஷிஃப்ட், கன்ட்ரோல், என்டர், பேக்ஸ்பேஸ் என்று ஓடி ஓடி உழைக்கிறது. அந்த வேலையில் பாதியைக் கட்டைவிரலுக்கு மாற்றிக் கொடுத்தால் நல்லதுதானே? நல்லதுதான், ஆனால் கட்டைவிரலை எட்டாத விசைக்கு இழுத்துக்கொண்டே இருந்தால் அதற்கும் வலி வரும். எட்டும் தூரத்தில் இருக்கிற ஒன்றிரண்டை மட்டும் பயன்படுத்துங்கள்.

இந்த மூன்றாவது வகையைத்தான் நான் முதலில் வாங்கினேன். முட்டாள்தனம். வலது மணிக்கட்டில் ஒரு மந்தமான வலி தொடங்கியிருந்த நேரம், "சிறந்ததையே வாங்கிவிடுவோம்" என்று இறங்கினேன். திங்கட்கிழமை காலை கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தேன். மறுபடியும் அடித்தேன், மறுபடியும் தப்பு. கடவுச்சொல் எனக்குத் தெரியாது, என் விரல்களுக்குத்தான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. கணக்கு முடங்கிப்போய், அதைத் திறக்கச் சொல்லி ஆள்தேடிப் போக வேண்டியதாயிற்று. அந்த வாரம் முழுக்க ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத மூன்று மடங்கு நேரம். வெள்ளிக்கிழமை அதைப் பெட்டியில் போட்டு மூடினேன். அப்புறம் ஒரே துண்டாக வளைந்த ஒன்றை ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திவிட்டு, பழகிய விசை வரிசையோடு இரண்டாகப் பிரிந்த இப்போதைய கீபோர்டுக்கு வந்தேன். படிப்படியாக வந்ததால் எந்தத் திங்கட்கிழமையும் முடங்கவில்லை.

பழகுவதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிளந்த கீபோர்டு உங்கள் தட்டச்சுப் பழக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். முறைப்படி பி (B) விசை இடது கை ஆள்காட்டி விரலுக்கு, ஒய் விசை வலது கைக்கு. நானோ பல வருடமாகப் பி விசையை வலது கையால் அடித்துவந்திருக்கிறேன். பிளவு வந்ததும் வலது விரல் வெறும் மேசையைத் தட்டியது. எண் 6 இன்னும் மோசம். சில மாதிரிகளில் அது இடப்பாதியில் இருக்கும், சிலவற்றில் வலப்பாதியில். விசைகளைப் பார்த்துப் பார்த்து இரண்டு விரலால் அடிக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. ஆனால் அவர்களுக்குப் பிளவினால் கிடைக்கும் பயனும் குறைவு, கை எப்படியும் கீபோர்டு முழுக்க அலைந்துகொண்டிருக்கும் என்பதால்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்கள் வலது கைக்குமாகப் பிரிந்தே இருக்கின்றன. அதனால் பிளந்த கீபோர்டில் அது மிக இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது.

வேறு இரண்டு விஷயங்களை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று எழுத்து வரிசை. ஆகஸ்ட் டுவொராக்கும் வில்லியம் டீலியும் 1936இல் காப்புரிமை பெற்ற டுவொராக், 2006இல் வந்த கோல்மேக் போன்றவை எந்த விசையில் எந்த எழுத்து என்பதை மாற்றுகின்றன. கீபோர்டின் வடிவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வடிவத்தையும் வரிசையையும் ஒரே நாளில் மாற்றுகிறவர்களுக்கு என் அனுதாபங்கள். இன்னொன்று மெக்கானிக்கல் கீபோர்டு. அது விசைக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச் பற்றியது, கையின் கோணத்தை அது மாற்றாது. ஆனாலும் அதில் ஒரு பயன் இருக்கிறது. பொதுவான ஸ்விட்சுகளில் விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், பாதி வழியில் சுமார் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிந்துவிடும். அடிவரை ஓங்கிக் குத்த வேண்டியதில்லை என்று விரல் கற்றுக்கொண்டால் நாள் முடிவில் களைப்பு குறையும். பக்கத்து மேசைக்காரர் நண்பராகவே நீடிக்க வேண்டுமென்றால், க்ளிக் க்ளிக் என்று சத்தம் போடும் ஸ்விட்சை மட்டும் வாங்காதீர்கள்.

வாங்குவதற்கு முன்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கையில் இருக்கும் கீபோர்டிலேயே மூன்று வளைவுகளில் ஒன்றையாவது காசு செலவில்லாமல் குறைக்கலாம். அந்தப் பின்கால்களை மடக்குங்கள். மேல்நோக்கிய வளைவு அப்போதே குறையும்.

அடுத்து, கீபோர்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எண்பகுதியோடு சேர்ந்த முழுக் கீபோர்டு சுமார் 45 சென்டிமீட்டர் அகலம். அதை நாம் திரைக்கு நடுவில் வைக்கிறோம். ஆனால் எழுத்துகள் எல்லாம் அதன் இடப்பாதியில் இருப்பதால், எழுதும்போது உடம்பு லேசாக இடப்பக்கம் திரும்பியே இருக்கிறது. உங்கள் தொப்புளுக்கு நேராக ஜி, ஹெச் விசைகள் வரும்படி கீபோர்டை வலப்பக்கம் தள்ளினால் அது சரியாகும், ஆனால் மவுஸ் இன்னும் தூரம் போய்விடும். மவுஸுக்காகத் தோளிலிருந்து கையை வெளியே நீட்டி நீட்டி எடுப்பது பலரின் வலது தோள்வலிக்குக் காரணம், பழி மட்டும் கீபோர்டின் மேல். எண்பகுதி இல்லாத சின்னக் கீபோர்டு வாங்கினால் மவுஸ் பக்கத்தில் வந்துவிடும். கணக்கு வேலை செய்கிறவர்கள் எண்பகுதியைத் தனியாக வாங்கி இடப்பக்கம் வைத்துக்கொள்ளலாம். கொஞ்ச நாள் பழகினால் இடது கையே எண்களைப் பார்த்துக்கொள்ளும்.

மேசை உயரமும் இதில் சேரும். தோள் தளர்ந்திருக்கும்போது முழங்கை உயரத்துக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயோ விசைகள் இருக்க வேண்டும். மேசை உயரமாக இருந்தால் நாற்காலியை ஏற்றுங்கள், கால் தொங்கினால் பாதத்துக்கு அடியில் ஏதாவது வையுங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு நல்ல கீபோர்டு வாங்கினாலும் தோள் தூக்கியபடியேதான் இருக்கும். லேப்டாப்பில் திரையும் விசையும் ஒட்டிக்கொண்டிருப்பதால், கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும், கழுத்துக்குச் சரியாக வைத்தால் கை உயரும். நாள் முழுக்க லேப்டாப்பில் வேலை என்றால் திரையை உயர்த்திவிட்டுத் தனிக் கீபோர்டு ஒன்று வைத்துக்கொள்வதுதான் வழி.

கீபோர்டுக்கு முன்னால் வைக்கும் மெத்தைக்கும் ஒரு வார்த்தை. அது அடிக்கும்போது மணிக்கட்டை ஊன்றுவதற்கு அல்ல. ஊன்றினால் சற்றுமுன் சொன்ன குகையின்மேலேயே எடை போடுகிறீர்கள், அதோடு விரல்கள் மட்டும் பக்கவாட்டில் எட்டி எட்டிப் போகும். அடிக்கும்போது கை மிதக்கட்டும். யோசிக்கும்போது, படிக்கும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியை அதில் வைத்து இளைப்பாறலாம்.

சரி, வலி போகுமா?

கையின் கோணம் மாறுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. பிளந்த கீபோர்டில் மணிக்கட்டு நேராகிறது என்பதைப் பல ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன. ஆனால் கோணம் மாறினால் நோய் குணமாகுமா என்பது வேறு கேள்வி, அதற்கான சான்றுகள் கலவையானவை. மணிக்கட்டுக் குகைக்குள் நரம்பு நெருக்கப்படும் நோய்க்கு (கார்பல் டனல்) இத்தகைய கருவிகள் பலன் தருமா என்று ஆராய்ந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு 2012இல், உதவும் என்றோ உதவாது என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தது. எனக்கு வலி குறைந்தது உண்மை. ஆனால் அதே மாதங்களில் நாற்காலியை ஏற்றினேன், மவுஸை இடது கைக்கு மாற்றினேன், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவும் தொடங்கினேன். எது குணப்படுத்தியது என்று யார் சொல்ல முடியும்? எவ்வளவு நல்ல நிலையானாலும் அசையாமல் அதிலேயே இருந்தால் உடம்பு முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

விரல்கள் மரத்துப்போய் இரவில் தூக்கம் கலைந்தால், கட்டைவிரல் பக்கம் ஊசி குத்துவதுபோல் இருந்தால், டம்ளர் கையிலிருந்து நழுவினால், கீபோர்டு தேடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள்.

அலுவலகத்தில் பயன்படுத்தப்போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். வேலை நெருக்கடியான வாரத்தில் தொடங்காதீர்கள். பழைய கீபோர்டையும் சொருகியே வைத்திருங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். முதல் சில நாள் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி புதியதில் அடித்துவிட்டு மிச்ச நேரம் பழையதற்கே திரும்பலாம். உங்கள் மேசையில் வேறு யாராவது உட்கார்ந்து எதையாவது காட்ட வரும்போதும் அந்தப் பழையது உதவும், என் கீபோர்டில் இரண்டு சொல் அடிப்பதற்குள் அவர்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே. நிறுவனக் கணினியில் மென்பொருள் நிறுவ அனுமதி இல்லை என்றால், விசை மாற்றங்களைக் கீபோர்டே தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் ஒருமுறை அமைத்துவிட்டால் எங்கே சொருகினாலும் அப்படியே வேலை செய்யும். கம்பியில்லாதது என்றால் அந்த இணைப்புக்கு உங்கள் நிறுவனத்தில் தடை இல்லையா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

"உடைந்துவிட்டதா" என்று கேட்டவர்களில் ஒருவர் ஒருநாள் என் கீபோர்டை இரவல் வாங்கிப் போனார். மாலைக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டார், அவருக்கு ஒத்துவரவில்லை. அடுத்த வாரம் அவர் மேசைப் பக்கம் போனேன். அதே பழைய கீபோர்டுதான். பின்கால்களை மடக்கி வைத்திருந்தார். மவுஸ் முன்பைவிட ஒரு சாண் கிட்டே வந்திருந்தது.